தின்னர் தண்ணிக்கு பாக்டீரியா கல்ச்சர்: ராணிப்பேட்டைல எட்டு மாசம் போட்டு பார்த்த அனுபவம்

ஈடிபி (கம்பெனி கழிவுத்தண்ணியை சுத்திகரிக்கற பிளான்ட்) பார்க்கற ஆளுங்க, சின்ன யூனிட் வெச்சிருக்கறவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நான் வாங்கறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் உள்ளது உள்ளபடி எழுதி வெச்சிருந்தா எங்களுக்கு ரெண்டு மாசமும் கொஞ்சம் காசும் மிச்சமாயிருக்கும். தின்னர் கலந்த கழிவுத்தண்ணியை தின்னு சுத்தம் பண்ணும்னு விக்கற பாக்டீரியா கல்ச்சர், ரெண்டு கம்பெனி சரக்கு போட்டு பார்த்தேன், ஒண்ணு வேலைக்கு ஆகல, ஒண்ணு ஆச்சு. ரெண்டு பேரோட பேரையும் போடல, உங்க டேங்க் வேற எங்க டேங்க் வேற, பேரை பாத்து வாங்கற சரக்கு இல்ல இது, எப்படி சோதிச்சு வாங்கணும்ங்கறதுதான் விஷயம்.

எங்க யூனிட் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம். தோலுக்கு மேல அடிக்கற ஃபினிஷ் தயாரிக்கறோம், டாப் கோட், லேக்கர், அந்த மாதிரி. பியூட்டைல் அசிடேட், டொலுவீன், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), கொஞ்சம் டிஎம்எஃப் (டைமெதில் ஃபார்மமைட்), இதெல்லாம் தினமும் புழங்கற சால்வன்ட், அதாவது கரைக்கறதுக்கு போடற சரக்கு. டிரம் கழுவற தண்ணி, வெசல் கழுவற தண்ணி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் வரும், சிஓடி, அதாவது தண்ணியில எவ்ளோ கழிவு கரைஞ்சிருக்குன்னு காட்டற அளவு, சராசரியா லிட்டருக்கு 3,000 மில்லிகிராம். கேட்டுக்குள்ள நுழையும்போதே பெயின்ட் கடை வாசனை மூக்குல ஏறும், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை தொறந்தா குழம்பு வாசனை கூட தெரியாது, அவ்ளோ.

இது ஏன் எனக்கு பெரிய விஷயம்னா, எங்க ஆயா வீடு பாலாத்தங்கரை. அந்த கிணத்து தண்ணியில பருப்பு வேகாதுன்னு ஆயா குடத்தை தூக்கிகினு அரை கிலோமீட்டர் நடந்து போவாங்க, சின்ன வயசுல நானும் பின்னாடியே ஒரு சொம்பு எடுத்துகினு போவேன். 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல தீர்ப்பு சொன்னது இந்த மண்ணுக்குத்தான், கெடுத்தவன் தான் காசு குடுத்து சரி பண்ணணும்னு நாடு முழுக்க சட்டம் பேசுதுன்னா அதுக்கு அப்போ இருந்த வட ஆற்காடு மாவட்டத்து தண்ணியும் ஒரு காரணம். 2025 ஜனவரி 30ல மறுபடியும் சுப்ரீம் கோர்ட் இதே பாலாறு விஷயத்துக்கு உத்தரவு போட வேண்டி வந்துச்சு. நடுவுல 28 வருஷத்துக்கு மேல போயிருக்கு. அதனால நம்ம அவுட்லெட்ல வர்ற தண்ணி பொல்யூஷன் போர்டு ஆளு வர்ற அன்னிக்கு மட்டும் நல்லா இருந்தா போதும்ங்கற பேச்சு எனக்கு ஒத்துக்காது.

சரி சரக்குக்கு வரேன். மொதல்ல வாங்கினது பவுடர். ஆடி மாசம், பஸ் பார்சல்ல முத்துக்கடைக்கு வந்துச்சு, 10 கிலோ. பாக்கெட்டை பிரிச்சா பழைய தவிடு வாசனை, கையில எடுத்தா தவிடேதான், அது மேல காய வெச்ச பாக்டீரியா இருக்கும்னு சொன்னாங்க. வெதுவெதுன்னு தண்ணியில வெல்லம் கரைச்சு ராத்திரி முழுக்க காத்து விட்டு மறுநாள் ஏரேஷன் டேங்க்ல (கழிவுத்தண்ணிக்குள்ள காத்து விடற தொட்டி) ஊத்தணும். ஊத்தினோம். மூணாவது நாளே சிஓடி குறைஞ்சுது, பாதிக்கு பாதி, மொதலாளி பாய் ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஆனா எங்க ஆபரேட்டர் அண்ணா என்னை தனியா கூப்ட்டு ஒரு வார்த்தை சொன்னாரு, "ஏம்மா, டேங்க்ல குறைஞ்சுதுன்னு சொல்ற, வாசனை மட்டும் இன்னாத்துக்கு அதிகமாகினே போவுது? பக்கத்து காம்பவுண்டு ஆளு கூட கேக்கறான்."

அந்த ஒரு கேள்விதான் எல்லாத்தையும் மாத்துச்சு. டொலுவீன், பியூட்டைல் அசிடேட் எல்லாம் பறக்கற சரக்கு. அடியில இருந்து ப்ளோயர் காத்து குமிழ் குமிழா மேல வரும்போது அதை தூக்கிகினு வெளிய போயிடும். தண்ணியில சிஓடி குறையும், பாக்டீரியா தின்னுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம், ஆனா தின்னது இல்ல, தண்ணியில இருந்தது காத்துக்கு போச்சு, அதை நாமளும் பக்கத்து தெருவும் மூச்சுல இழுக்கறோம். சால்வன்ட் தண்ணிக்கு கல்ச்சர் விக்கறவங்க காட்டற பர்சன்டேஜ்ல எவ்ளோ தின்னது எவ்ளோ பறந்ததுன்னு பிரிச்சு கேக்கணும். எங்களுக்கு வித்தவரு கிட்ட கேட்டேன், அவர்கிட்ட பதில் இல்ல.

அப்போ நாங்களே சோதிச்சோம். இதை யாரு வேணா செய்யலாம், பெரிய லேப் வேணாம். 20 லிட்டர் பக்கெட் ரெண்டு, மீன் தொட்டிக்கு போடற சின்ன ஏர் பம்ப் ரெண்டு. ஒண்ணுல எங்க எஃப்ளுவென்ட்டோட (சுத்திகரிக்காத கழிவுத்தண்ணி) பவுடர் போட்ட டேங்க் தண்ணி. இன்னொண்ணுல அதே எஃப்ளுவென்ட், டேங்க் தண்ணிக்கு பதிலா அதே அளவு போர் தண்ணி, ஒரு பாக்டீரியாவும் போடல. ரெண்டுக்கும் ஒரே அளவு காத்து, ரெண்டும் ஒரே நிழல்ல, ஆரம்பத்துல ரெண்டுலயும் சிஓடி 2,400. 24 மணி நேரம் கழிச்சு தெளிய விட்டு மேல் தண்ணி எடுத்து பார்த்தா பவுடர் பக்கெட் 1,400, வெறும் தண்ணி பக்கெட் 1,500. நூறு தான் வித்தியாசம். நாங்க காசு குடுத்து வாங்கின பவுடர் செஞ்ச வேலை அந்த நூறு, மீதி எல்லாம் காத்து செஞ்ச வேலை. பவுடர் வாங்கினதை அதோட நிறுத்திட்டோம்.

பவுடர்ல இருந்த பாக்டீரியா கெட்டதுன்னு நான் சொல்லல. சூடோமோனாஸ் புடிடான்னு ஒரு ஜாதி இருக்கு, டொலுவீனை நெஜமாவே தின்னும், ஆக்சிஜனை டொலுவீனோட கார்பன் வளையத்துல சேர்த்து கேட்டகோல்ங்கற பொருளா ஆக்கி, வளையத்தை உடைச்சு, அப்புறம் சாதாரண சாப்பாடு மாதிரி செரிச்சு கரியமில வாயுவும் தண்ணியும் தன் உடம்பும் ஆக்கிக்கும். எண்ணெய் தின்னற சூடோமோனாஸை உருவாக்கி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1980ல பேடன்ட் உரிமை வாங்கினாரு, நம்ம நாட்டுல பிறந்தவரு. அறிவியல்ல பொய் இல்ல. ஆனா தவிட்டுல காஞ்சு கெடந்த ஜீவன், வெயில்ல பஸ் பார்சல்ல வந்து, நம்ம டேங்க்ல விழுந்த உடனே அங்க யூரியாவும் இல்ல பாஸ்பேட்டும் இல்ல, சால்வன்ட் மட்டும் மூக்கு முட்ட இருக்குன்னா அது எப்படி பொழைக்கும்? சால்வன்ட்ல கார்பன் இருக்கு, ஆனா டொலுவீன்ல நைட்ரஜன் ஏது? வெறும் சோறு மட்டும் போட்டு ஒரு கொழந்தையை வளக்கற மாதிரி. பாக்கெட் மேல இதை பத்தி ஒரு வரி கூட போடல.

ரெண்டாவது ஆளுங்க கிட்ட புரட்டாசியில போனோம். இவங்க லிக்விட் கல்ச்சர், 200 லிட்டர், கூட நாலு விசிட், மொத்தம் 38,000 ரூபாய். பவுடரை விட ரொம்ப அதிகம், பாய் யோசிச்சாரு. எனக்கு புடிச்சது இன்னான்னா, அவங்க அனுப்பின தம்பி வந்த மொத நாள் கல்ச்சர் கேனை வண்டியில இருந்து எறக்கவே இல்ல. டேங்கை சுத்தி சுத்தி வந்தான், தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜனை காட்டற டிஓ மீட்டர் விட்டு நாலு மூலையிலயும் பார்த்தான், ரெண்டு மூலையில ஆக்சிஜன் 0.5 கூட இல்ல, அடியில குமிழ் விடற டிஃப்யூசர் அடைச்சிருக்குன்னான். "இத சரி பண்ணிட்டு கூப்புடுங்க அக்கா, இப்போ ஊத்தினா உங்க காசு வேஸ்ட்"னு சொல்லிட்டு கேனோட திரும்பி போயிட்டான். விக்க வந்த ஆளு விக்காம போனது அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அவன் சொன்னதுல மொதல் வேலை, மெதக்கறதை மொதல்ல எடுக்கறது. டொலுவீன் ஒரு லிட்டர் தண்ணியில அரை கிராம் கிட்டதான் கரையும், பியூட்டைல் அசிடேட்டும் தண்ணியை விட லேசு, ரெண்டும் மேல மெதக்கும். ஒரு சின்ன தொட்டி கட்டி தடுப்பு வெச்சு மேல் அடுக்கை தனியா டிரம்ல புடிச்சு ரெக்கவரிக்கு அனுப்ப ஆரம்பிச்சோம். அதுலயே ஏரேஷன் டேங்குக்கு போற லோடு நல்லா எறங்கிடுச்சு, எறங்கினப்புறமும் சிஓடி 2,500 இருக்கும். இங்க ஒண்ணு சொல்லணும், அந்த தொட்டிக்கு மூடி போட்டா உள்ள ஆவி சேரும், காத்துல டொலுவீன் ஆவி ஒரு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல இருந்தாலே நெருப்பு புடிக்கும். மோட்டார் ஃப்ளேம்ப்ரூஃப், சுவிட்ச் தள்ளி, வெல்டிங் வேலை பக்கத்துல கூடாது, ஆளு யாரும் உள்ள எறங்க கூடாது. 2015 ஜனவரி கடைசியில சிப்காட்ல சுத்திகரிப்பு நிலையத்து ஸ்லட்ஜ் (அடியில தங்கற சேறு) தொட்டி சுவர் இடிஞ்சு ராத்திரி தூங்கிகினு இருந்த தொழிலாளிங்க 10 பேர் செத்தாங்க, தண்ணி சுத்தம் பண்ற எடம்னு அதை லேசா எடுத்துக்க கூடாது.

அப்புறம் சாப்பாடு கணக்கு. 100 பங்கு பிஓடிக்கு (பாக்டீரியா செரிக்கக்கூடிய கழிவோட அளவு) 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ், இது எல்லா ஈடிபி ஆளுக்கும் தெரிஞ்ச கணக்கு ஆனா யாரும் போடறதில்ல. எங்களுக்கு ஒரு நாளைக்கு 16 கிலோ பிஓடி வருதுன்னா யூரியா ஒன்றரை கிலோ, டிஏபி முக்கா கிலோ. உரக்கடையில வாங்கற அதே மூட்டைதான், ராத்திரியே ஊற வெச்சு காலையில ஊத்தறோம்.

இதெல்லாம் ஆனப்புறம் கல்ச்சர் ஊத்தினோம், அதுவும் மொத நாளே முழு எஃப்ளுவென்ட் விடல. மொத வாரம் தெனம் 1,000 லிட்டர், மீதியை ஈக்வலைசேஷன் டேங்க்லயும் (வர்ற கழிவை சேத்து கலக்கற தொட்டி) வாடகைக்கு எடுத்த டேங்க்லயும் தேக்கி வெச்சு, வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஆறு வாரத்துல 10,000. பழக்கறதுன்னு அந்த தம்பி சொன்னான், மாட்டை ஏருக்கு பழக்கற மாதிரி. இந்த ஆறு வாரம்தான் பொறுமை வேணும், பாய் தினமும் "ஆச்சா ஆச்சா"ன்னு கேப்பாரு.

அவன் ரெண்டாவது விசிட்டுக்கு ஒரு மைக்ரோஸ்கோப்பு கொண்டாந்தான், சின்னது, தோள்பையில போட்டுகினு வர்ற மாதிரி. டேங்க்ல வளர்ற பாக்டீரியா சேறுதான் ஸ்லட்ஜ், அதுல ஒரு சொட்டு எடுத்து கண்ணாடி மேல விட்டு என்னை பாக்க சொன்னான். கோயில் மணி மாதிரி ஒரு உருவம், கீழ மெல்லிசா ஒரு காம்பு, காம்பு ஒரு தும்புல ஒட்டிகினு இருக்கு, மணி வாயை சுத்தி ரோமம் சுழலுது, தண்ணி உள்ள போறது கூட தெரியுது. கண்ணாடியை லேசா தட்டினான், பட்டுனு காம்பு ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டுகிச்சு, ரெண்டு செகண்ட் கழிச்சு மெதுவா நீண்டுச்சு. வார்ட்டிசெல்லான்னான். சால்வன்ட்டை தின்னறது இது இல்ல, தின்னற பாக்டீரியாவை இது தின்னும், ஆனா இது உயிரோட இருந்தா டேங்க் நல்லா இருக்குன்னு அர்த்தம், விஷம் வந்தா மொதல்ல காணாம போறது இதுதான். ஆபரேட்டர் அண்ணாவும் பார்த்தாரு, அன்னிலேர்ந்து எஃப்ளுவென்ட்டை அவரு "தண்ணி"ன்னு சொல்றதில்ல, "இதுங்களுக்கு தீனி"ன்னுதான் சொல்றாரு. நாங்களும் இப்போ ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பு வாங்கிட்டோம், அதான் இந்த மொத்த செலவுலயே உருப்படியான செலவு.

வாசனை கூட ஒரு மீட்டர் மாதிரி வேலை செய்யும்னு அப்போதான் கத்துகினேன். பியூட்டைல் அசிடேட்டை பாக்டீரியா உடைச்சா பியூட்டனாலும் அசிட்டிக் ஆசிடும் வரும், அதனால ரெண்டாவது வாரம் டேங்க் ஓரமா லேசா வினிகர் வாசனை, பிஎச் 6.2க்கு எறங்கிடுச்சு, சோடா ஆஷ் போட்டு ஏழுக்கு கொண்டாந்தோம். ஐபிஏ உடையும்போது நடுவுல அசிட்டோன் ஆகும், நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வந்தா பாதி வேலைதான் ஆயிருக்கு, காத்தோ நேரமோ பத்தலன்னு அர்த்தம். டிஎம்எஃப் உடைஞ்சா மீன் கவிச்சி அடிக்கும், டைமெதில் அமீன், அப்புறம் அது அமோனியா ஆகும், அந்த பேட்ச் ஓடற அன்னிக்கு யூரியாவை நிறுத்திடணும், ஏன்னா நைட்ரஜன் அதுலேயே வந்துடுது. இது புரியாம யூரியாவும் போட்டு ஒரு வாரம் அவுட்லெட்ல அமோனியா ஏறிகினு இருந்துச்சு.

ஆறு வாரம் கழிச்சு அதே ரெண்டு பக்கெட் சோதனை. 2,400ல ஆரம்பிச்சது, வெறும் தண்ணி பக்கெட் அதே 1,500 கிட்ட நின்னுச்சு, ஸ்லட்ஜ் பக்கெட் 210. இந்த தடவை வித்தியாசம் நூறு இல்ல, கிட்டத்தட்ட 1,300. அதோட ஸ்லட்ஜ் பக்கெட் மேல குனிஞ்சா மழை பெஞ்ச மண்ணு மாதிரி வாசனை, மத்த பக்கெட்ல மூக்கு எரிஞ்சுது. பழகின ஸ்லட்ஜ் வேகமா தின்னுதுன்னா பறக்கறதுக்கு முன்னாடியே தின்னுடுது, அதனால டேங்க்ல இருந்து காத்துக்கு போறதும் குறையும். ஒண்ணுமே போகலன்னு சொல்ல மாட்டேன், மெதக்கறதை புடிக்கற மொத தொட்டி ஆவியை தேங்கா நார் கழிவும் கம்போஸ்ட்டும் ஈரமா நெரப்பின ஒரு பெட்டி வழியா விடறோம், அதுலயும் பாக்டீரியாதான் வேலை செய்யுது. டேங்க் அவுட்லெட் இப்போ 240க்குள்ள நிக்குது, போர்டு நார்ம் 250, பிஓடி 30க்கு கீழ. பக்கத்து காம்பவுண்டு ஆளு வாசனையை பத்தி கேக்கறதை விட்டுட்டாரு.

கொறை இல்லாம இல்ல. அவங்க குடுத்த நோட்டீஸ்ல "எல்லா சால்வன்ட்டுக்கும்"னு போட்டிருக்கு, அது தப்பு, அந்த தம்பி கிட்டயே சொன்னேன். குளோரின் இருக்கற சால்வன்ட் வேற கதை. டிரை கிளீனிங்ல போடற பெர்க் (பெர்குளோரோஎதிலீன்), மெட்டல் தொடைக்கற டிரைகுளோரோஎதிலீன், இதுங்களை முழுசா உடைக்கறதுக்கு பெரும்பாலும் ஆக்சிஜன் இருக்கவே கூடாது. டிஹாலோகாக்கோய்டிஸ்னு ஒரு பாக்டீரியா குளோரினை ஒண்ணு ஒண்ணா கழட்டி கடைசியில எதிலீன் ஆக்கும், 1997ல கார்னெல் யுனிவர்சிட்டி ஆளுங்க வெளியிட்டது. நடுவுல அது நின்னுபோச்சுன்னா மிச்சம் இருக்கறது வினைல் குளோரைடு, புத்துநோய் வர வெக்கற சரக்கு, மொதல்ல இருந்ததை விட மோசம். அதனால உங்க யூனிட்ல குளோரின் சால்வன்ட் ஓடுதுன்னா இந்த மாதிரி ப்ளோயர் டேங்க் கல்ச்சரை நம்பி எறங்காதீங்க, தனியா புடிச்சு ரெக்கவரிக்கு அனுப்புங்க. மெத்திலீன் குளோரைடை காத்து இருக்கற டேங்க்லயே தின்னற ஜாதி உண்டு, ஆனா அது தின்னறதை விட பறக்கறது வேகம், ரெண்டு பக்கெட் சோதனை பண்ணாம யாரு சொன்னாலும் நம்பாதீங்க. அப்புறம் உப்பு, குரோமியம், இதை எந்த பாக்டீரியாவும் தின்னு காலி பண்ணாது. டேனரிக்காரங்க இந்த கல்ச்சர் போட்டா டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) குறையுமான்னு கேக்கறாங்க, குறையாது.

கரன்ட் பில் இன்னொரு விஷயம். 5 எச்பி ப்ளோயர் 24 மணி நேரமும் ஓடணும், ஒரு நாளைக்கு 90 யூனிட் கிட்ட. நோட்டீஸ்ல கல்ச்சர் வெலை மட்டும்தான் இருக்கும், மாசா மாசம் வர்ற பெரிய செலவு இதுதான். கரன்ட் போனா ரெண்டு மணி நேரத்துல ஸ்லட்ஜ் கருக்க ஆரம்பிக்கும், ஜெனரேட்டர் லைன்ல ப்ளோயரை சேத்துட்டோம்.

மார்கழியில ஒரு ராத்திரி ஷிப்ட்ல புதுசா சேர்ந்த பையன் ஒரு டிரம் கழிவு தின்னரை அப்படியே டிரெயின்ல விட்டுட்டான், யாரும் சொல்லி குடுக்கல அவனுக்கு, தப்பு எங்க மேல. காலையில டேங்க் மேல வெள்ளை நுரை முழங்கால் உயரம். ஒரு லிட்டர் ஜாடியில ஸ்லட்ஜ் எடுத்து வெச்சா சாதாரணமா அரை மணியில 300 மில்லி கோட்டுல அழகா எறங்கி நிக்கும், அன்னிக்கு எறங்கவே இல்ல, பால் மாதிரி கலங்கியே நின்னுச்சு. மைக்ரோஸ்கோப்புல ஒரு வார்ட்டிசெல்லா மணி கூட இல்ல. ஆபரேட்டர் அண்ணா டேங்க் ஓரத்துல உக்காந்துட்டாரு, "எல்லாம் செத்துப்போச்சும்மா, புள்ளை மாதிரி வளத்தது"ன்னாரு, எனக்கும் தொண்டை அடைச்சுகிச்சு.

தம்பிக்கு போன் போட்டேன், புது கல்ச்சர் வாங்க சொல்லுவான்னு நெனச்சேன். அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "நான் சொன்ன ரிசர்வ் ஸ்லட்ஜ் வெச்சிருக்கீங்களா அக்கா?" வெச்சிருந்தோம், தனியா 1,000 லிட்டர் சின்டெக்ஸ்ல ஒரு சின்ன பம்ப் ஓட்டி, தெனம் கொஞ்சம் தீனி குடுத்து. இன்லெட்டை நிறுத்தி, பாதி டேங்கை காலி டேங்குக்கு மாத்தி, ரிசர்வை ஊத்தி, லோடு கம்மியா ஆரம்பிச்சு ஒம்பது நாள்ல பழைய நெலைக்கு வந்துச்சு. பத்தாவது நாள் லென்ஸ்ல ரெண்டு மணி ஆடிச்சு. 1914ல மான்செஸ்டர்ல ஆர்டனும் லாக்கெட்டும் இதைத்தான் கண்டுபுடிச்சாங்க, மொத தடவை சாக்கடை தண்ணி சுத்தமாக அஞ்சு வாரம் கிட்ட ஆச்சு, அடியில தங்கின ஸ்லட்ஜை கொட்டாம திரும்ப திரும்ப அதையே வெச்சு பண்ணா ஒரு நாள்ல சுத்தமாச்சு. பவுடர்காரரு மாசா மாசம் 5 கிலோ போடணும்னாரு, இவங்க அக்டோபர்ல ஊத்தினதோட சரி, அப்புறம் ஒரு லிட்டர் கூட நாங்க வாங்கல.

எனவே லிக்விட் ஆளுங்களுக்கு 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு நோட்டீஸ்ல போட்ட "எல்லா சால்வன்ட்டுக்கும்"க்காக புடிச்சது. பவுடருக்கு 1. நாலு விசிட் முடிஞ்சு போச்சு, அப்புறமும் அந்த தம்பி ஆற்காடு பக்கம் வந்தா ஒரு எட்டு வந்து டேங்கை பாத்துட்டு டீ குடிச்சிட்டு போறான்.

இப்போ மாசி முடியப்போவுது, பயமா இருக்கறது அக்னி நட்சத்திரம்தான். போன மே மாசம் இந்த டேங்க் தண்ணி மத்தியானம் 39 டிகிரி காட்டுச்சு, சூடு ஏறினா தண்ணியில ஆக்சிஜன் நிக்காது, சால்வன்ட்டும் இன்னும் வேகமா பறக்கும். டேங்குக்கு மேல பச்சை நெழல் வலை கட்ட அளவு எடுத்தாச்சு, ப்ளோயர் லைனை நெழல்ல திருப்பி விடணும், வெள்ளிக்கிழமை ஆளு வர்றாங்க. மே மாசத்துல அதே ரெண்டு பக்கெட்டை மறுபடி வெச்சு ரீடிங் எடுத்து இங்கயே போடறேன்.